தெளிந்த கிணற்றில் தூண்டில்: கரிசல் காட்டின் மீன்பிடி வித்தை

'கலங்கிய குட்டையில் மீன் பிடிப்பது' என்று ஒரு பேச்சு உண்டு. தண்ணீர் கலங்கியிருந்தால் மீனுக்கு ஆள் தெரியாது. கைக்கு அகப்பட்டதை அள்ளிக்கொண்டு போகலாம். கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் இதற்கு நேர்மாறான ஒரு வித்தை இருக்கிறது. படிக்கல் தெரிய, பாசி தெரிய, பத்தடிக்குக் கீழே மீன் அசைவதுகூடத் தெரியக் கிடக்கும் கிணற்றுத் தண்ணீரில் தூண்டில் போடும் வித்தை. மீன் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. நீங்களும் மீனின் கண்ணுக்குத் தெரிகிறீர்கள். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இரண்டு வகைத் தண்ணீர்

கோவில்பட்டி என்றதும் கடலைமிட்டாயும் தீப்பெட்டியும் நினைவுக்கு வரும். ஊரைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பு மண். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மிளகாய் என்று மழையை நம்பிய மானாவாரி வெள்ளாமை. வற்றாத ஆறு எதுவும் இந்தப் பக்கம் ஓடவில்லை. வைப்பாற்றில் தண்ணீர் ஓடுவது மழைக் காலத்தில்தான். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழை கண்மாயை நிரப்பினால் உண்டு. இல்லாவிட்டால் அடுத்த வருஷம் வரை வானம் பார்க்க வேண்டியதுதான்.

அந்தக் கண்மாய்த் தண்ணீர் டீத்தண்ணீர் நிறத்தில் இருக்கும். கரிசல் மண்ணின் களித்துகள் அத்தனை நுண்ணியது. மழைத் தண்ணீரில் உப்பு குறைவு என்பதால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நாள் கணக்கில் மிதந்துகொண்டே இருக்கும்.

கிணற்றுத் தண்ணீரின் கதை வேறு. கறுப்பு மண்ணுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல், அதற்கும் கீழே பாறை. பாறை இடுக்கு வழியாக ஊறி வருவதால் தண்ணீரில் வண்டல் இருக்காது. சுக்கானில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து கரைந்து வருவதால், மேலேயிருந்து கொஞ்சம் மண் விழுந்தாலும் துகள்கள் திரண்டு அடியில் படிந்துவிடும். குடித்தால் சற்றே சவர்ப்பு தட்டும். பார்த்தால் கண்ணாடி.

இந்தக் கிணறுகளுக்குள் மீன் எப்படி வந்தது? பெரும்பாலும் மனிதர்கள் கொண்டுவந்து விட்டதுதான். கோடையில் கண்மாய் வற்றும்போது பிடித்த விராலையும் கெண்டையையும் குடத்தில் கொண்டுவந்து கிணற்றில் விட்டுவைப்பது பழைய வழக்கம். பெருமழையில் ஓடை பொங்கிக் கிணற்றுக்குள் பாய்ந்தால் அதோடு வந்து சேர்வதும் உண்டு. விரால், கொரவை, கெளுத்தி, 1952-ல் இந்தியாவுக்கு வந்து எல்லாக் குட்டையையும் பிடித்துக்கொண்ட ஜிலேபிக் கெண்டை – இவைதான் கிணற்றின் குடிமக்கள்.

யார் யாரைப் பார்ப்பது?

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கோடையில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவைப் பார்த்திருப்பீர்கள். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக ஊரே கண்மாய்க்குள் இறங்கும். சேறு கலங்கக் கலங்க மீன் சிக்கும். அங்கே கூட்டமும் கூச்சலும்தான் பலம். கிணற்றில் அவை இரண்டுமே ஆகாது.

தண்ணீருக்குள் இருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் ஒரு வட்டச் சாளரத்துக்குள் சுருங்கித் தெரியும். ஒளி தண்ணீருக்குள் நுழையும்போது வளைவதால் வரும் விளைவு இது. பத்தடி ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்த வட்டம் சுமார் 22 அடி அகலம். சிறிய கிணறு என்றால் ஏறக்குறைய முழு வாயும் அதற்குள் அடங்கிவிடும். விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கிற தலை, வானத்தின் பின்னணியில் கறுப்பாகத் தெரியும். மீன்கொத்தியும் கொக்கும் அந்தத் திசையிலிருந்துதான் வரும் என்பது மீனுக்குத் தெரியும்.

எனவே, தெரிந்தவர்கள் செய்கிற முதல் வேலை ஒளிந்துகொள்வது. சூரியன் முகத்துக்கு எதிரே இருக்கும்படி உட்கார்ந்தால் நிழல் பின்பக்கம் விழும், தண்ணீரில் விழாது. விளிம்பிலிருந்து ஓரடி தள்ளிக் குந்திக்கொண்டு கம்பை மட்டும் நீட்டுவார்கள். பழைய கமலைக் கல்லோ, கிணற்றோர வேப்ப மரமோ இருந்தால் அதுதான் மறைப்பு. வெள்ளைச் சட்டை கூடாது. கல் மேல் தொம் தொம்மென்று நடக்கக் கூடாது. பாறை வழியாக அதிர்வு தண்ணீருக்குள் இறங்கும். மீனின் விலாவில் ஓடும் கோடு அந்த அதிர்வை வாங்கிக்கொள்ளும் உறுப்பு.

நேரமும் முக்கியம். நடுமதியத்தில் வெயில் நேராக அடிவரை இறங்கும். மீன் பொந்துக்குள் போய்விடும். விடிந்த நேரமும் பொழுது சாயும் நேரமும்தான் தோது. சுவரின் நிழல் தண்ணீரில் பாதிவரை விழுந்திருக்கும். அந்த நிழலும் வெளிச்சமும் சேரும் கோட்டில்தான் விரால் காத்து நிற்கும்.

இரையும் நரம்பும்

கலங்கல் தண்ணீரில் வாடைக்கும் அசைவுக்கும் மீன் வரும். தடித்த நரம்பும் பெரிய முள்ளும் பரவாயில்லை. தெளிந்த தண்ணீரில் மீன் இரையைச் சுற்றிவந்து நிதானமாகப் பார்க்கும். நரம்பு தடியாக இருந்தாலோ, முள்ளின் முனை வெளியே மினுங்கினாலோ திரும்பிப் போய்விடும். அதனால் கிடைப்பதில் மெல்லிய தங்கூஸ், சின்ன முள், மிளகளவு ஈயக்குண்டு. தக்கைகூடப் பளிச்சென்ற பிளாஸ்டிக்காக இருப்பதைவிட, மயிலிறகுத் தண்டாகவோ சோளத்தட்டைத் துண்டாகவோ இருப்பது நல்லது.

ஜிலேபிக்கு மண்புழு, இல்லாவிட்டால் பிசைந்த மாவு உருண்டை. விராலுக்கு உயிருள்ள இரை வேண்டும். சின்னக் கெண்டை, காட்டில் தத்தித் திரியும் வெட்டுக்கிளி, சிறு தவளை. விரால் நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் அவ்வப்போது மேலே வந்தே ஆக வேண்டும். 'புளுக்' என்று ஒரு சத்தம், ஒரு வளையம். ஆள் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. அவசரப்பட்டு அதன் தலை மேலேயே இரையைப் போடுகிறவர் வெறுங்கையோடுதான் வீடு திரும்புவார். நாலைந்து அடி தள்ளிப் போட்டு, வெட்டுக்கிளி தவறி விழுந்ததுபோலக் கொஞ்சம் துடிக்கவிட்டு, நிறுத்திவிட வேண்டும். மீதி வேலையை விரால் பார்த்துக்கொள்ளும்.

இப்போது இளைஞர்கள் ஆன்லைனில் ரப்பர் தவளை வாங்கிவிடுகிறார்கள். சுருட்டுகிற வேகத்துக்கு ஏற்ப அது காலை ஆட்டும். பாசி மூடிய கண்மாயில் அருமையாக வேலை செய்யும். கிணற்றிலோ பகல் வெளிச்சத்தில் விரால் அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விலகிப் போவதே அதிகம். பளபளக்கும் மஞ்சளும் சிவப்பும் மனிதனின் கண்ணைத்தான் கவரும். தண்ணீருக்குள் ஆழம் கூடக்கூட முதலில் மறைகிற நிறமே சிவப்பு. நன்கு ஆழத்தில் அது கருமையாகத்தான் தெரியும். பழுப்பு, மங்கிய பச்சை, சாம்பல் என்று அந்தத் தண்ணீரில் இயல்பாக இருக்கிற நிறமே கிணற்றுக்கு ஏற்றது.

கடல் தாண்டியும் அதே பாடம்

வட அமெரிக்காவின் தெளிந்த, ஆழமான ஏரிகளில் 'ஸ்மால்மவுத் பாஸ்' என்றொரு மீன் உண்டு. தூண்டில்காரர்கள் அதற்காக விடுமுறை எடுப்பார்கள். தூண்டிலில் சிக்கியவற்றில் மிகப் பெரியதாகப் பதிவான மீன் 1955-ல் டேல் ஹாலோ ஏரியில் கிடைத்தது. எடை ஏறக்குறைய 5.4 கிலோ. இந்தியாவில் அந்த மீன் இல்லை. ஆனால், அதைப் பிடிக்க அங்கே பின்பற்றும் முறை கரிசல்காட்டுக்காரருக்கு அந்நியமாகத் தோன்றாது.

அங்கேயும் மெல்லிய நரம்பு. ஒளியை வளைக்கும் தன்மையில் சாதா நைலானைவிடத் தண்ணீருக்கு நெருக்கமான ஃபுளோரோகார்பன் நரம்பு, அது மீனின் கண்ணுக்கு எளிதில் படாது என்பதற்காக. ஈயத்தை நுனியில் கட்டி, அதற்கு ஓரடி மேலே முள்ளைக் கட்டுவார்கள். ஈயம் அடியில் உட்கார, சின்ன ரப்பர் மீன் தரைக்குச் சற்று மேலே மிதந்தபடி நடுங்கும். கையை ஆட்டாமல் நரம்பை மட்டும் லேசாகத் துடிக்கவிடுவதுதான் நுட்பம். ஆழக் கிணற்றில் அடியில் படுத்திருக்கும் கெளுத்திக்கும் இதே கட்டு பொருந்தும். முள்ளில் மண்புழுவைக் கோத்தால் போதும்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ஸ்மால்மவுத் பாஸில் ஆண் மீன் முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் நிற்கும். கிட்டே வருகிற எதையும் பாய்ந்து கடிக்கும். அந்தப் பருவத்தில் அதைப் பிடித்து எடுத்துப்போக அங்கே பல நீர்நிலைகளில் கட்டுப்பாடு இருக்கிறது. விராலும் அப்படித்தான். செம்பழுப்பு நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் பந்துபோலத் திரண்டு மேலே வந்து மூச்சு வாங்கும்; அடியில் தாயும் தகப்பனும் நிற்கும். அந்தப் பந்தின் நடுவே இரையைப் போட்டால் விரால் கட்டாயம் கடிக்கும். பசியில் கடிப்பதல்ல அது, பிள்ளையைக் காக்கக் கடிப்பது. அன்றைக்கு ஒரு விரால் கிடைக்கும். காவல் போனபின் அத்தனை குஞ்சும் கெளுத்திக்கும் ஜிலேபிக்கும் இரையாகும். கண்மாயிலாவது அடுத்த மழைக்குப் புது மீன் வந்து சேரும். கிணறு நாலு சுவருக்குள் அடங்கிய உலகம். அங்கே ஒரு ஜோடி போனால் அந்த வம்சமே போனதுதான்.

வற்றும் கண்ணாடிகள்

இந்த வித்தைக்கு இன்று தட்டுப்பாடு மீனில் இல்லை, கிணற்றில். ஆழ்துளைக் கிணறுகள் பெருகப் பெருக நிலத்தடி நீர் கீழே இறங்கி, திறந்த கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றுகின்றன. வற்றிய கிணற்றில் சீமைக் கருவேலம் முளைக்கிறது. பிறகு குப்பை விழுகிறது. தண்ணீர் இருக்கும் கிணறுகளுக்கும் ஆபத்து உண்டு. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை யாராவது கொண்டுவந்து விட்டால், மற்ற எல்லாவற்றையும் அதுவே தின்று தீர்த்துவிடும். தோட்டா போடுவதும் மருந்து கலப்பதும் இன்னும் மோசம். ஒரே நாளில் குஞ்சு குளுவான் எல்லாம் செத்து மிதக்கும். ஆடு மாடு குடிக்கும் தண்ணீரும் கெட்டுப்போகும்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு சாயங்காலம் தூண்டில் போட்டுப் பார்க்கலாம். கிணற்றுக்காரரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கரிசல் கிணறுகள் பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. மழை நனைத்த கரிசல் விளிம்பு வழுக்கும், சரியவும் செய்யும். தனியாகப் போகாமல், நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவரோடும் ஒரு நீளக் கயிறோடும் போவது நல்லது. முள் மாட்டிக்கொண்டது என்று பழைய, பாழடைந்த கிணற்றுக்குள் இறங்கவே வேண்டாம்; அடியில் காற்று கெட்டிருந்தால் மூச்சு முட்டிவிடும்.

விரால் கிடைத்தால் கல்லுப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், வழுவழுப்புப் போகும். தெளிந்த தண்ணீர் மீனில் சேற்று வாடை குறைவு என்பார்கள் ஊர்க்காரர்கள். புளி கரைத்துக் குழம்பு வைத்து, மறுநாள் காலை பழைய சோற்றோடு சாப்பிட்டால் அந்தப் பேச்சு சரிதானா என்று நீங்களே சொல்லிவிடலாம். குஞ்சோடு நிற்கும் விராலைக் கண்டால் மட்டும் நரம்பைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுங்கள். அடுத்த விடுமுறைக்கும் அந்தக் கிணற்றில் மீன் வேண்டுமல்லவா?