தோளில் ஒரு மூட்டை

“இரண்டு பெண்கள் மட்டுமா? துணைக்கு ஆண்பிள்ளை யாரும் இல்லாமலா?” என்று கேட்டார்கள் என் பெரியம்மா. “வியட்நாமா? அங்கே சண்டை முடிந்துவிட்டதா?” என்று கேட்டார்கள் பெரியப்பா. சண்டை 1975ஆம் ஆண்டிலேயே முடிந்துவிட்டது என்று பெரியப்பாவுக்கு எடுத்துச் சொல்லி, நாள்தோறும் தொலைபேசியில் பேசுவதாகப் பெரியம்மாவுக்கு வாக்குக் கொடுத்து, 2024ஆம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடைசியில் நானும் என் தோழியும் ஆளுக்கொரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு புறப்பட்டோம். அப்போது தவக்காலம் தொடங்கியிருந்தது.

தோழி என்றால் யாரோ அல்ல. நம் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை என் பக்கத்தில் அமர்ந்தவள். பாடற்குழுவில் முதற்குரல் அவளுடையது, இரண்டாம் குரல் என்னுடையது. அவளுடைய அம்மாதான் எங்கள் பங்குக் கோவிலில் பல ஆண்டுகள் பாடற்குழுவை நடத்தியவர்கள். 2022இல் அம்மா நோயுற்று இறந்தார்கள். அடக்கப் பூசையன்று குழுவினர் எல்லாரும் பாடினோம். அவள் வாய் திறக்கவில்லை. அதன்பிறகு ஒருநாளும் பாடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வருவாள், கடைசி வரிசையில் இருப்பாள், பூசை முடியுமுன் எழுந்து போய்விடுவாள்.

நாங்கள் புறப்படுவதற்கு முந்திய நாள் மாலை அவளுடைய அப்பா என் வீட்டுக்கு வந்தார்கள். கையில் காக்கி அட்டை போட்ட ஒரு நோட்டு. அம்மா தம் கையாலேயே எழுதி வைத்திருந்த பாட்டு நோட்டு அது. “என் கையால் கொடுத்தால் வாங்க மறுக்கிறாள். எப்பொழுது கொடுக்கலாம் என்று உனக்குத் தெரியும், மகளே” என்றார்கள். உண்மையில் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தெரிந்தவளைப் போல அன்றிரவே ஒரு திட்டம் போட்டேன். வியட்நாமின் நடுப்பகுதியில் லா வாங் என்னும் மாதா திருத்தலம் இருக்கிறது. அங்கே, மாதா சுரூபத்தின் முன்பு, நோட்டை அவள் கையில் கொடுப்பது. அவள் அழுவாள், பிறகு பாடுவாள். இதுதான் திட்டம். நாடகத்துக்குக் காட்சி எழுதுவதுபோல எழுதிவிட்டேன்! அவளிடம் மட்டும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

என் பையின் எடை 13 கிலோ, அவளுடையது 7 கிலோ. எனக்குப் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் இல்லாமல் கடல் கடக்க முடியாது. “நீ ஊர் பார்க்க வருகிறாயா, கடை போட வருகிறாயா?” என்று விமான நிலையத்திலேயே கேலியை ஆரம்பித்தாள். அடியில், துணிகளுக்குக் கீழே, அந்த நோட்டு இருந்தது.

தலைநகரான ஹனோயில் முதலில் கற்கவேண்டிய பாடம் தெருவைக் கடப்பது. மோட்டார் சைக்கிள்கள் வெள்ளம்போல் வந்துகொண்டே இருக்கும். நிற்கும் என்று காத்திருந்தால் மாலைவரை காத்திருக்க வேண்டியதுதான். ஓடவும் கூடாது, பின்வாங்கவும் கூடாது. மெதுவாக, ஒரே சீராக நடந்தால் வண்டிகள் தாமே விலகிச் செல்கின்றன. முதல் தடவை நான் கண்ணை மூடிக்கொண்டு அருள்நிறை மரியே சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பெயர்ப் பலகைகளை எங்களால் எழுத்துக்கூட்ட முடிந்தது, பொருள்தான் தெரியவில்லை. வியட்நாமியர் இன்று தங்கள் மொழியை உரோமை எழுத்துகளில், மேலும் கீழும் குறிகள் இட்டு எழுதுகிறார்கள். இந்த எழுத்து முறையை உருவாக்கியவர்கள் 17ஆம் நூற்றாண்டு மறைபோதகர்கள். அலெக்சாந்தர் தெ ரோட்ஸ் என்னும் இயேசு சபைக் குரு தொகுத்த வியட்நாமிய அகராதி 1651இல் உரோமையில் அச்சானது. நம் தமிழில் 1578இலேயே ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானதை நினைத்துக் கொஞ்சம் பெருமைப்பட்டேன். “அதில் உனக்கென்ன பங்கு?” என்றாள் தோழி.

ஹனோயிலிருந்து தெற்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் பஸ்ஸில் சென்று ஃபாட் டியெம் பேராலயத்தைப் பார்த்தோம். தங்கையரே, கோவில் என்றால் உயர்ந்த கூர்க்கோபுரம் என்றுதானே நமக்குப் பழக்கம்? அங்கே முனை வளைந்த ஓட்டுக் கூரைகள். தூரத்திலிருந்து பார்த்தால் பௌத்த மடம் போல் இருக்கிறது. திரான் லுக் என்னும் வியட்நாமியக் குரு 1875 முதல் 1899 வரை, சதுப்பு நிலத்தில், கல்லையும் மரத்தையும் கொண்டு கட்டி எழுப்பியது. உள்ளே பெரிய பெரிய இரும்பு மரத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. என் தோழி ஒரு தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்தாள், கைகள் எட்டவில்லை. “அம்மா மட்டும் இதைப் பார்த்திருந்தால்...” என்று ஆரம்பித்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டாள். நானோ, என் திட்டம் பலிக்கிறது என்று உள்ளுக்குள் மகிழ்ந்தேன். இதை எழுதவே இப்போது வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் மாலை ஹனோயிலிருந்து ஹுவே நகருக்கு இரயில் ஏறினோம். ஹனோய்க்கும் ஹோ சி மின் நகருக்கும் இடையே 1,726 கிலோமீட்டர் ஓடும் பாதை இது. போரால் துண்டுபட்டுக் கிடந்து, 1976ஆம் ஆண்டின் கடைசி நாளில் மறுபடி இணைந்தது. மீட்டர் கேஜ் பாதை. நம் தென் மாவட்டங்களில் முன்பு ஓடிய வண்டிகளைப் போலவே தாலாட்டிக்கொண்டு போகிறது. எங்கள் அறையில் ஒரு பக்கத்துக்கு மூன்றாக ஆறு படுக்கைகள். எனக்குக் கீழ்த்தட்டு, அவளுக்கு மேல்தட்டு, நடுவில் ஒரு வியட்நாமியத் தாத்தா. பெட்டியின் கோடியில் வெந்நீர்க் குழாய் உண்டு. நூடுல்ஸ் கிண்ணங்களோடு நான் அங்கே போயிருந்த நேரத்தில், தலைவலி மாத்திரை தேடி அவள் என் பையைத் திறந்திருக்கிறாள்.

திரும்பி வந்தபோது நோட்டு அவள் மடியில் இருந்தது.

“இது எப்படி உன்னிடம் வந்தது?”

“அப்பா கொடுத்தார்கள்.”

“எதற்கு?”

சொல்லத்தான் வேண்டியிருந்தது. லா வாங், மாதா சுரூபம், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குரலை உயர்த்தவில்லை. “அப்படியானால் நீ என்னை ஊர் சுற்ற அழைத்து வரவில்லை, தியானத்துக்கு அழைத்து வந்திருக்கிறாய். நீயும் அப்பாவும் பேசிவைத்துக்கொண்டு என்னை நோயாளியைப் போலக் கொண்டுவந்திருக்கிறீர்கள்” என்றாள்.

அப்போதாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. “உன் அப்பா எத்தனை நாளைக்கு அழுவார்கள்? உனக்கு உன் துக்கம் மட்டும்தானா?” என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து விழுந்த சொல்லைத் திரும்ப எடுக்க வழியில்லை. அவள் நோட்டை என் பையின் அடியிலேயே, இருந்த இடத்திலேயே வைத்து, கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு மேலே ஏறிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நூடுல்ஸ் கிண்ணத்திலேயே ஊறிக் கூழாயிற்று.

விடியற்காலையில் பென் ஹாய் ஆற்றைக் கடந்தோம். 1954இல் நாட்டை வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரித்தபோது எல்லையாக நின்றது இந்த ஆறுதான். அந்தச் சமயத்தில் வடக்கிலிருந்து இலட்சக்கணக்கான கத்தோலிக்கர் வீடு வாசலை விட்டுத் தெற்கே சென்றார்கள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் சாதாரண ஆறு, அகலம்கூட அதிகமில்லை. அவளை எழுப்பிக் காட்டத் துணிவு வரவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவே தாத்தா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஹுவே பழைய அரசர்களின் தலைநகரம். அரண்மனையும் மதிலும் அழகுதான் என்றாலும் எனக்கு எதுவும் மனத்தில் பதியவில்லை. வெள்ளிக்கிழமை என்பதால் இறைச்சி இல்லாத உணவு தேடினோம். அதற்கு ‘சாய்’ என்று கேட்கவேண்டும் என்று விடுதிக்காரப் பெண் சொல்லிக்கொடுத்தாள். பௌத்தர்கள் உண்ணும் மரக்கறி உணவுக்கும் அதுவே சொல். கத்தோலிக்கர் நோன்புக்கும் அதுவே சொல். தவக்காலத்துக்கே அங்கே ‘மூவா சாய்’ என்றுதான் பெயராம். வேறு சமயமாயிருந்தால் இதை வைத்து நாங்கள் ஒருமணி நேரம் பேசியிருப்போம். இப்போது “உப்பை எடு” என்பதுதான் எங்கள் பேச்சு.

மதியம் அவள் வாடகைச் சைக்கிளில் தியென் மூ பௌத்த ஆலயத்துக்குப் போனாள். நான் தனியாக ஃபூ காம் பேராலயத்துக்குப் போனேன். கர்தினால் பிரான்சிஸ் சவேரியார் நுயென் வான் துவான் 1928இல் பிறந்த ஊர் ஹுவே. நம் முத்துக்குளித்துறையில் நடந்து திரிந்த சவேரியாரின் பெயர் அவருக்கு. 1975இல் சைகோனுக்கு இணைப் பேராயராக நியமிக்கப்பட்ட சில மாதங்களில், மாதாவின் விண்ணேற்பு விழாவன்றே கைது செய்யப்பட்டு, 13 ஆண்டுகள் காவலில் இருந்தார். அவற்றில் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை. மருந்து என்று எழுதி வந்த சிறு புட்டியிலிருந்து மூன்று துளி திராட்சை இரசத்தையும் ஒரு துளி தண்ணீரையும் உள்ளங்கையில் விட்டுத் திருப்பலி நிறைவேற்றியவர். மரத்துண்டில் ஒரு சிலுவை செதுக்கி, சோப்புக் கட்டிக்குள் மறைத்து வைத்திருந்தார். இவையெல்லாம் நம்மில் பலரும் ஞான உபதேச வகுப்பில் கேட்டவையே.

ஆனால் அவர் எழுதிய இன்னொன்று அன்று அந்தக் கோவிலில் உட்கார்ந்திருந்தபோது நினைவுக்கு வந்தது. சிறையில் நிறைய நேரம் இருந்திருக்குமே, நன்றாகச் செபித்திருப்பீர்களே என்று விடுதலைக்குப் பின் பலரும் கேட்டார்களாம். அப்படி எளிதாக இல்லை, உடலும் மனமும் சோர்ந்து செபிக்கவே இயலாமல் போன காலமும் உண்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரு பேராயருக்கே அப்படி என்றால், என் தோழிக்கு நான் நாள் குறித்தேனே, இடம் குறித்தேனே, எந்த உரிமையில்?

இரவு அவளிடம், “மன்னித்துவிடு. இரயிலில் சொன்னதற்கும் சேர்த்து. நாளைக்கு லா வாங்குக்கு நான் மட்டும் போய் வருகிறேன். நீ வரவேண்டாம்” என்றேன். அவள் “சரி” என்று மட்டும் சொன்னாள். காலையில் நான் எழுந்து பார்த்தால் செருப்பு மாட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். “பஸ் எத்தனை மணிக்கு?”

ஹுவேயிலிருந்து லா வாங் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். 1798இல் கிறிஸ்தவர்களுக்கு எதிரான கலாபனைக்குத் தப்பிக் காட்டுக்குள் ஒளிந்த மக்கள், நோயாலும் பசியாலும் வாடி, ஓர் ஆலமரத்தடியில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது மாதா குழந்தையுடன் தோன்றி, அங்கிருந்த செடியின் இலைகளை அவித்துக் குடிக்கச் சொன்னார்கள் என்பது மரபு. நம் வேளாங்கண்ணி மாதா சேலை உடுத்தியிருப்பதுபோல, லா வாங் மாதா அந்நாட்டுப் பெண்களின் நீண்ட அங்கியும் வட்டத் தலைப்பாகையும் அணிந்திருக்கிறார்கள். 1972 போரில் கோவில் அழிந்துபோயிற்று. மணிக்கோபுரம் மட்டும் குண்டு துளைத்த தழும்புகளோடு நிற்கிறது.

நான் மாதாவின் முன் முழங்காலிட்டேன். அவள் வரவில்லை. நான் திரும்பிப் பார்க்கவும் இல்லை. இது பொய், இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். செபமாலை முடித்து வந்தபோது அவள் கோபுரத்தின் நிழலில், மெழுகுவர்த்தி விற்கும் ஒரு பாட்டியின் பக்கத்தில் தரையில் அமர்ந்திருந்தாள். இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றுமில்லை. ஆனாலும் ஏதோ பேசி முடித்தவர்களைப் போல இருந்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அவளாகவே சொன்னாள்: “அந்தப் பாட்டி கோபுரத்தைக் காட்டினார்கள். பிறகு கையை இடுப்பளவுக்கு வைத்து, ஒரு சிறுபிள்ளை என்று காட்டினார்கள். பிறகு மண்ணைக் காட்டினார்கள். மகளோ தங்கையோ தெரியவில்லை, கேட்கவும் தெரியவில்லை. நானும் என் அம்மாவைக் காட்டினேன்.”

“எப்படிக் காட்டினாய்?”

அவள் வலது கையைத் தூக்கி, பாடற்குழுவுக்குத் தாளம் காட்டும்போது அம்மா அசைப்பார்களே, அப்படி அசைத்துக் காட்டினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்றிரவு என் பையின் கயிறு அவிழ்ந்திருந்தது. நோட்டு அதில் இல்லை. நானும் கேட்கவில்லை.

ஹுவேயிலிருந்து தெற்கே போகும்போது இரயில் ஹாய் வான் கணவாயில் மலையை ஒட்டி வளைந்து வளைந்து செல்கிறது. ஒரு பக்கம் காடு, மறுபக்கம் கீழே நீலக் கடல். அந்த அழகை எழுத என் பேனாவுக்குச் சக்தியில்லை. சைகோனில், அதாவது இன்றைய ஹோ சி மின் நகரில், நோத்ர்தாம் பேராலயம் பழுதுபார்ப்புக்காகச் சாரம் கட்டப்பட்டு மூடியிருந்தது. அங்காடிக்குப் பக்கத்தில் நம் தமிழர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய மாரியம்மன் கோவில் இருக்கிறது. வியட்நாமியப் பெண்கள் சிலர் கோவிலின் கற்சுவரில் நெற்றியை வைத்து வெகுநேரம் நின்றதைக் கண்டோம். என் தோழியும் வெகுநேரம் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஊர் திரும்பும் முன்நாள் விடுதி மாடியில் துணி துவைத்தோம். புளிக்காய்ச்சல் தீர்ந்து, ஊறுகாய்ப் புட்டியும் காலியாகி, என் பை பாதியாக இளைத்திருந்தது. நான் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால், தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில், மெல்லிய ஓர் இராகம் கேட்டது. சொல் இல்லை, வெறும் முனகல்தான். காணிக்கைப் பவனியின்போது அம்மா பாடவைக்கும் பாட்டு. மூன்றாவது அடியில் இரண்டாம் குரல் சேரவேண்டும். அது என் இடம். ஈரத்துணியைப் பிடித்தபடி அசையாமல் நின்றேன். சேரவில்லை.

பாதியில் இராகம் நின்றது. “சோப்பு எங்கேடி?” என்று கேட்டாள்.

எடுத்துக் கொடுத்தேன்.