ஒரு கட்டிச் சர்க்கரை

வற்றல் குழம்பில் வெல்லம் போடுகிற குடும்பமும் போடாத குடும்பமும் சம்பந்தம் செய்துகொண்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். சீர்வரிசையில் வராத சண்டை, ஒரு சுண்டைக்காய் அளவு வெல்லத்தில் வந்துவிடும். நாக்கு சம்பந்தமான விவகாரம் எதுவுமே நாக்கோடு நிற்பதில்லை.

எங்கள் புதுச்சேரியில் இதே சண்டை தக்காளி சோஸ் விஷயத்தில் வந்தது. சென்னையில் 'சாஸ்' என்பார்கள். இங்கே பழைய குடும்பங்களில் பிரெஞ்சு உச்சரிப்பு இன்னும் போகவில்லை. எங்கள் எதிர்வீட்டு ஆயா 'சொல்தா' குடும்பம். அதாவது, வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் முதல் தேதி நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். 1962 ஆகஸ்டு 16-ல் அது சட்டப்படியும் முடிந்தது. ஆனால் அரசியல் ஒப்பந்தங்களில் அடுப்பங்கரையைச் சேர்ப்பதில்லை. ஆயா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மக்கரோனிதான். தக்காளி சோஸை இறக்கும் சமயத்தில் அதில் ஒரு கட்டிச் சர்க்கரை விழும்.

பாரிஸில் படிக்கிற பேத்தி இந்தத் தடவை லீவுக்கு வந்தபோது அதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன ஆயா, இதுல போய் சர்க்கரை போடுற? அங்க இப்படி யாரும் போடறதில்ல. உனக்கு சர்க்கரை வியாதி வேற!"

ஆயா கரண்டியைக் கீழே வைத்தார். "உங்க தாத்தா நாப்பது வருஷம் இதைத்தான் சாப்பிட்டாரு. அவருக்கு நாக்கு இல்லியா?" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "தம்பி, நீங்க புஸ்தகம் எழுதறவரு. நீங்களே சொல்லுங்க" என்றார்.

இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்பை வைத்துக்கொண்டு இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது சாமான்யமான காரியமா? அவகாசம் கேட்டுக்கொண்டு வந்து, புத்தகங்களைப் புரட்டினேன்.

புத்தகங்களும் இரண்டு கட்சியாகத்தான் இருக்கின்றன. 1891-ல் சமையல் நூல் எழுதிய இத்தாலியர் அர்த்தூஸி, வெங்காயம், பூண்டு, கீரைவகை, எண்ணெய், உப்பு, மிளகு இவற்றோடு தக்காளி சோஸை முடித்துவிடுகிறார். பிரெஞ்சுச் சமையலின் பெரியவரான எஸ்கோஃபியே 1903-ல் வெளியிட்ட நூலில் சர்க்கரையும் சேர்க்கிறார். ஆகவே ஆயா பக்கத்துக்கும் ஒரு பெரிய வக்கீல் கிடைத்துவிட்டார்.

தக்காளியையே விசாரித்தால் இன்னும் சுவாரசியம். நூறு கிராம் பழத்தில் தொண்ணூறு கிராமுக்கு மேல் தண்ணீர். சர்க்கரை இரண்டரையிலிருந்து நான்கு கிராம். புளிப்பு அதைவிட மிகக் குறைவுதான். ஆனால் குரல் பெரிது. சுண்டக் காய்ச்சும்போது தண்ணீர் போய், இனிப்பு, புளிப்பு இரண்டும் சேர்ந்தே ஏறும். மேலே போடுகிற சர்க்கரை புளிப்பைக் கொல்வதில்லை; நாக்கைச் சமாதானப்படுத்துகிறது, அவ்வளவுதான். புளிப்பையே முறிக்க வேண்டுமானால் சமையல் சோடா வேண்டும். அது கொஞ்சம் கூடினாலும் சோப்பு வாடைதான்.

இனிப்பு என்பது இலையில் உண்டாகிக் கொடி வழியாகக் காய்க்கு வந்து சேருவது. லாரிப் பிரயாணம் தாங்க வேண்டுமென்று பாதிப் பழுப்பில் பறித்துவிட்டால் அந்த வரவு நின்றுபோகிறது. பெட்டிக்குள் நிறம் மட்டும் ஏறும். நம்முடைய பெரிய மார்க்கெட்டில் கன்னம் சிவந்து நிற்கிற தக்காளிகளில் பல இந்த ரகம். வெயிலில், கொடியிலேயே கனிந்த பழத்துக்குச் சர்க்கரை தேவையில்லை என்று பேத்தி சொன்னால், அது சரி. ஆயாவின் கையில் கிடைக்கிற பழத்துக்குத் தேவை என்றால், அதுவும் சரி.

சர்க்கரை வியாதி பாக்கி இருக்கிறது. ஒரு கட்டி நாலைந்து கிராம். நாலு பேர் சாப்பிட்டால் ஆளுக்கு ஏறக்குறைய ஒரு கிராம். ஆனால் ஒரு தட்டுக்கு முக்கால் பங்கு நூறு கிராம் மக்கரோனி என்று வைத்துக்கொண்டாலும், அதில் மாவுச்சத்து ஐம்பது கிராமுக்கு மேல். அதுவும் வயிற்றுக்குள் போய்ச் சர்க்கரைதான் ஆகிறது. மலையைத் தட்டில் பரிமாறிவிட்டு மடுவை நிறுத்துப் பார்த்துக் கொண்டிருந்தோம்!

இதையெல்லாம் சொன்னேன். மக்கரோனியைப் பாதியாக்குவது, வெங்காயத்தையும் ஒரு காரட்டையும் நிதானமாக வதக்கி அந்த இனிப்பை முதலில் வாங்கிக் கொள்வது, கடைசியில் ருசி பார்த்துவிட்டு, வேண்டுமானால் மட்டும் சர்க்கரை என்று ஏற்பாடாயிற்று. ஆயா தலையை ஆட்டினார். ஆனால் அவர் முகம் தெளியவில்லை.

எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. பேத்தியின் வாக்கியத்தில் அவரைச் சுட்டது சர்க்கரையோ வியாதியோ அல்ல; "அங்க யாரும் போடறதில்ல" என்ற அந்த 'அங்க'தான். அந்த 'அங்கே'க்காகத்தான் அவர் வீட்டுக்காரர் துப்பாக்கி தூக்கினார். அங்கிருந்து வந்த ருசி என்று நினைத்துத்தான் இத்தனை வருஷம் ஒரு குடும்பத்துக்கே பரிமாறினார். அது அங்கே இல்லை என்று சொந்தப் பேத்தியே சொன்னால், பிறகு எதுதான் மிச்சம்?

அந்தப் பெண் புத்திசாலி. விமானம் ஏறுவதற்கு முதல் நாள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஆயா பக்கத்தில் உட்கார்ந்து எல்லா அளவுகளையும் எழுதிக்கொண்டாள். நானும் எட்டிப் பார்த்தேன். மேலே 'ஆயா சோஸ்' என்று தலைப்பு. கடைசி வரியில், 'சர்க்கரை: பழத்தைக் கேட்டுக்கொண்டு' என்று எழுதியிருந்தாள்.