திருத்தியாயிற்று என்றால் போதுமா?



வாகனம் பற்றிய கட்டுரை என்றதும், "அது ஆம்பிளைகள் பாடு" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்குவதும், உம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போவதும் இன்று பல வீடுகளில் நாம்தான். ஓட்டத் தெரியாத சகோதரிகளும் பின் ஆசனத்தில் பிள்ளைகளோடு அமர்ந்து அதே வாகனத்தில்தான் போகிறீர்கள். ஆகவே இது நம் எல்லோருக்கும் உரிய விஷயம்.

திறப்புப் போட்டு ஓட்டும் கார் உங்கள் வீட்டில் இருந்தால், நிறுத்தித் திறப்பைக் கழற்றிய பின் ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பிப் பாருங்கள். 'டக்' என்ற சத்தத்தோடு அது இறுகிவிடும். ஸ்டியரிங் தண்டில் உள்ள பள்ளத்தில் ஓர் இரும்பு முளை போய் விழுகிறது. திருடன் வாகனத்தைக் கிளப்பினாலும் திருப்பி ஓட்ட முடியாதபடி செய்யும் பூட்டு இது. பொத்தானை அழுத்திக் கிளப்பும் புதிய கார்கள் பலவற்றில் அந்த முளையைச் சிறு மோட்டார் ஒன்று இழுத்து விடுகிறது. முளை விலகிவிட்டது என்று காரின் கணினிக்குத் தெரிந்தால்தான் எஞ்சின் கிளம்பும்.

சில காலையில் திறப்பு திரும்பாமல் அடம்பிடிக்கும். உடனே பழுது என்று எண்ண வேண்டாம். முன் சில்லு நடைபாதை விளிம்பில் முட்டி நின்றால் முளை ஒரு பக்கமாக நெருக்கப்பட்டிருக்கும். ஸ்டியரிங்கை இடமும் வலமும் சற்றே அசைத்துக்கொண்டு திறப்பை மெதுவாகத் திருப்பினால் விட்டுவிடும். அப்படியும் விடாவிட்டால், அதுவும் அடிக்கடி நடந்தால், அதுதான் பழுது.

இத்தகைய பழுது ஒரே மாதிரிக் கார்கள் பலவற்றில் இருப்பது தெரியவந்தால், தயாரித்த நிறுவனமே அவற்றைத் திருப்பி அழைத்து இலவசமாகத் திருத்திக் கொடுக்கும். இதைத்தான் 'ரீகோல்' என்கிறார்கள். அந்த அழைப்புக் கடிதம் பதிவில் உள்ள உரிமையாளரின் முகவரிக்கே போகும். நமது நாட்டில் ஓடும் கார்களில் பெரும்பங்கு ஜப்பானில் ஒருவர் ஓட்டிய பின் வந்த 'ரீகண்டிஷன்' கார்கள். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல் மீண்டும் அனுமதிக்கும் வரை இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. முதல் சொந்தக்காரரின் வீட்டுக்குப் போகும் கடிதம் மூன்றாம் சொந்தக்காரரின் கைக்கு எப்படி வரும்?

எங்கள் காருக்கான கடிதமும் எங்களுக்கு வரவில்லை. எங்களுக்கு விற்றவரின் வீட்டுக்குப் போயிருந்தது. அந்த நல்ல மனிதர் தொலைபேசியில் அழைத்து, "உங்கட கார்ட ஸ்டியரிங் லொக்கப் பத்தி ஒரு கடிதம் வந்திருக்கி, வந்து எடுத்துக்கோங்க" என்றார். அதற்கு முன்னரே காலை வேளைகளில் பொத்தானை அழுத்தினால் விளக்கு மின்னிக்கொண்டு நிற்குமே தவிர எஞ்சின் கிளம்பாது. காரணம் இதுதான் என்று அப்போதுதான் விளங்கியது.

கம்பளையிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல் போய்க் கொழும்பிலுள்ள முகவர் நிறுவனத்தில் காரைக் கொடுத்தோம். மாலையில் அங்கிருந்த தம்பி சிரித்த முகத்தோடு, "மிஸ், ரீகோல் வேல முடிஞ்சி. பயமில்லாம எடுத்துட்டுப் போங்க" என்றார். ஒரு சதமும் கேட்கவில்லை. சந்தோஷமாக வந்தோம்.

மூன்றாம் நாள் உம்மாவின் கிளினிக் நாள். விடியற்காலையில் காருக்குள் உம்மாவை ஏற்றி வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். பழைய விளக்கு, பழைய மின்னல். கடைசியில் ஓட்டோ பிடித்துத்தான் போனோம்.

திரும்பவும் தொலைபேசியில் பேசினால், "கம்பியூட்டர்ல உங்கட ரீகோல் முடிஞ்சதாத்தான் இருக்கி மிஸ். இது வேற பழுது. செக் பண்ணக் காசு கட்டணும்" என்றார்கள். என் கணவர், "விடுங்க, பக்கத்துக் கராஜில கழட்டி எறிஞ்சிடுவம்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அன்று தந்த வேலைத்தாளை எடுத்து வரிவரியாக வாசித்தேன். ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள்: 'பரிசோதிக்கப்பட்டது, சரி'. பூட்டை மாற்றியதாக எங்கும் இல்லை! பாகம் எதுவும் மாற்றாமல் பார்த்துவிட்டு மட்டும் அனுப்பியிருந்தார்கள்.

அந்தத் தாளின் பிரதியோடு கடிதம் ஒன்று எழுதினோம். கிளம்பாத நாட்களின் திகதிகளை வரிசையாகக் குறித்தோம். மின்னும் விளக்கைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்தும் வைத்துக்கொண்டோம். கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எந்தப் பாகத்தை மாற்றினீர்கள்?" இரண்டு வாரங்களில் அழைப்பு வந்தது. இம்முறை பூட்டையே மாற்றினார்கள். கேட்டு வாங்கிய பழைய பூட்டு ஒரு கடதாசிப் பையில் எங்கள் கைக்கு வந்தது. புதிய வேலைத்தாளில் பாகத்தின் இலக்கமும் இருந்தது. அதற்குப் பின் கார் ஒரு நாளும் அடம்பிடிக்கவில்லை.

"இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பாடா?" என்று நீங்கள் கேட்கலாம். சின்ன விஷயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் செவ்ரொலே கோபால்ட் போன்ற கார்களில், திறப்பைச் செருகும் இடத்திலுள்ள சுவிச் தளர்வாக இருந்தது. கனமான திறப்புக் கோர்வை தொங்கினாலோ, முழங்கால் பட்டாலோ, ஓடிக்கொண்டிருக்கும்போதே திறப்பு தானாகத் திரும்பி எஞ்சின் நின்றுவிடும். ஸ்டியரிங் கனத்துப் போகும். அந்த நேரத்தில் மோதினால் உயிர் காக்கும் காற்றுப் பையும் விரியாது. 2006இலேயே அந்தச் சுவிச்சைத் திருத்தினார்கள். ஆனால் பாகத்தின் இலக்கத்தை மாற்றவில்லை. ஆகவே பழையது எது, புதியது எது என்று வெளியில் யாருக்கும் தெரியவில்லை. மகளை விபத்தில் இழந்த ஒரு பெற்றோர் விடாமல் வழக்காடியபோது, இரண்டு சுவிச்சுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் உண்மை வெளியே வந்தது. 2014இல் சுமார் 26 இலட்சம் கார்கள் திருப்பி அழைக்கப்பட்டன. 124 மரணங்களுக்கு நஷ்டஈடு வழங்க ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2015இல் அந்நிறுவனம் 90 கோடி டொலர் செலுத்தச் சம்மதித்தது. பெறுமதியில் அற்பமான ஒரு பாகம். அதைப் பற்றிய ஒரு மௌனம். பறிபோனவை எத்தனை உயிர்கள்!

ஆகவே சகோதரிகளே, சில விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாகனப் பதிவுப் புத்தகத்தில் செசி இலக்கம் இருக்கிறது. அதைக் கொடுத்து, இந்தக் காருக்கு ரீகோல் ஏதும் உண்டா என்று முகவரிடம் கேளுங்கள். பெரிய ஜப்பானிய நிறுவனங்களின் இணையத்தளங்களிலும் அந்த இலக்கத்தைக் கொண்டு தேடலாம். வீட்டில் படித்த பிள்ளை ஐந்து நிமிடத்தில் பார்த்துத் தரும். பழைய கார் வாங்கும்போது விலை பேசுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

கார்த் திறப்போடு அலுமாரித் திறப்பு, கேற்றுத் திறப்பு என்று எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கோர்க்காதீர்கள். சுவிச்சை மாற்றும் வரை வளையத்தைக் கழற்றித் தனித் திறப்பை மட்டும் பாவிக்கும்படி அந்த அமெரிக்க நிறுவனமே அறிவுறுத்தியது.

ஓடும்போது எஞ்சின் நின்றுவிட்டால் பதற வேண்டாம். ஸ்டியரிங் கனக்கும், ஆனாலும் திரும்பும். இரு கைகளாலும் இறுகப் பிடியுங்கள். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்தி மிதித்து, அபாய விளக்கைப் போட்டு இடப்பக்கம் ஒதுங்குங்கள். கார் முற்றாக நிற்கும் வரை எக்காரணம் கொண்டும் திறப்பைக் கழற்றாதீர்கள். கழற்றினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம்.

பூட்டுத் தொல்லை தருகிறது என்று தெருவோரக் கராஜில் அதைக் கழற்றி எறியவோ, வயரை வெட்டிச் சேர்க்கவோ விடாதீர்கள். உயிர் தங்கியிருக்கும் இடத்தில் கைமருந்து வேண்டாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கடைசியாகச் சொல்வது. "முடிஞ்சி" என்று யார் சொன்னாலும் வேலைத்தாளை அங்கேயே நின்று வாசியுங்கள். ஆங்கிலம் விளங்காவிட்டால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எதை மாற்றினார்கள், அதன் இலக்கம் என்ன, பழையது எங்கே என்று கேளுங்கள். அந்தத் தாளைப் பதிவுப் புத்தகத்தோடு பத்திரமாக வையுங்கள். மரியாதையாகக் கேட்டும் பதில் வராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். அதற்கும் மேலே நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது.

மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நாம் காசு கொடுப்பதில்லை. புடவை வாங்கினால் வெளிச்சத்தில் பிடித்து நூலைப் பார்க்கிறோம். அந்தக் கண்ணும் அந்த வாயும் கராஜ் வாசலில் மட்டும் ஏன் மூடிக்கொள்ள வேண்டும்? நம் பிள்ளைகள் ஏறும் வாகனம் அது. கேட்பது நமது உரிமை, கேளுங்கள்.