பனிக்கட்டியைக் காத்த மரத்தூள்

அண்மையில் சென்னை செல்ல நேர்ந்தது. சாந்தோம் பேராலயத்தில் புனித தோமையாரின் கல்லறையருகே செபித்துவிட்டு, கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கி நடந்தேன். திருவல்லிக்கேணியை நெருங்குகையில் வட்டமான முகப்புடைய பெரிய கட்டிடம் ஒன்று கடலைப் பார்த்து நிற்கிறது. 1963 முதல் அதன் பெயர் விவேகானந்தர் இல்லம். ஆயினும் ஊரார் நாவில் அது இன்றும் ‘ஐஸ் ஹவுஸ்’தான்.

ஓய்வு நேரத்தில் வாளும் இழைப்புளியும் பிடிக்கும் பழக்கம் குருமட நாள் முதல் எனக்கு உண்டு. ஆகவே அக்கட்டிடத்தின் வரலாற்றில் என் மனத்தைக் கவர்ந்தது பனிக்கட்டியன்று. அதைக் காத்த மரத்தூளே.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை அறுத்தெடுத்துக் கப்பலேற்றினார். 1833இல் அவர் கல்கத்தாவுக்கு அனுப்பிய முதற் கப்பலில் 180 டன் இருந்தது. நான்கு மாதப் பயணத்துக்குப் பின் சுமார் 100 டன் எஞ்சியது. 1842இல் சென்னைக் கடற்கரையிலும் கிடங்கு எழுந்தது. வெயிற் கடல்களைத் தாண்டி வந்த கட்டி கரையாத இரகசியம் யாது? மர ஆலைகள் குப்பையென ஒதுக்கிய தூளைப் பனிக்கட்டியைச் சுற்றி அடைத்தனர். தூளின் இடைவெளிகளில் சிறைப்பட்ட காற்று, வெளிவெப்பத்தை எளிதில் உட்புக விடாது.

நம் முன்னோரும் மரத்தூளை வீணாக்கவில்லை. தகர டப்பாவின் நடுவே உருளைக் கட்டையை நிறுத்தி, சுற்றிலும் தூளை இறுக்கி, கட்டையை உருவிவிட்டு அடித்துளையில் நெருப்பிட்டால், அடுப்பு மணிக்கணக்கில் நின்று எரியும். ஈரத்தூளைத் தூவித் தரையைப் பெருக்கினால் புழுதி எழாது. இழைத்த சீவற் சுருள்களுக்குள் சுரூபங்களும் கண்ணாடிப் பொருள்களும் உடையாமல் ஊர் வந்து சேர்ந்தன.

செயற்கைப் பனிக்கட்டி வந்தபின் கிடங்குக்கு வேலையில்லாமற் போயிற்று. பின்னர், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் அதே கட்டிடத்தில் இளம் விதவைகளுக்கு உறைவிடம் அளித்துக் கல்வியும் புகட்டினார். சமூகம் மூலையில் தள்ளிய அப்பெண்களுள் பலர் ஆசிரியைகளாயினர்.

இதை எண்ணி நின்றபோது என் மனச்சாட்சி என்னைக் குத்தியது. எங்கள் பங்கில் முதிய தச்சர் ஒருவர் உண்டு. கோவில் பெஞ்சுகளைச் செப்பனிடும் வேலையைச் சென்ற ஆண்டு நகரத்துப் பட்டறையொன்றுக்குக் கொடுத்துவிட்டு, “பெரியவரே, இனி ஓய்வெடுங்கள்” என்றேன். மறுமொழி கூறாமல் உளிப்பையை எடுத்துக்கொண்டு போனார். அன்புரை என்று நான் நினைத்தது, அவருக்குத் தள்ளுபடியாக ஒலித்தது.

அப்பங்களைப் பலுகச் செய்த ஆண்டவர், இன்னும் எத்தனையோ அப்பங்களைப் படைக்க வல்லவர். எனினும் எஞ்சிய துண்டுகளைச் சேர்க்கச் சொன்னார். கூடைகள் பன்னிரண்டு நிறைந்தன.

ஊர் திரும்பியதும் அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். “கை நடுங்குதே சாமி” என்றார். “சொல்லித்தரும் நாவு நடுங்கவில்லையே” என்றேன்.

இப்போது சனிதோறும் நான்கு சிறுவர்கள் பங்கு இல்லத் திண்ணையில் அவரிடம் மரம் இழைக்கப் பழகுகின்றனர். ஐந்தாவது மாணவன் நான். மாலையில் தூளையெல்லாம் கூட்டி, ஒரு சாக்கில் கட்டி, அவர் வீட்டு அடுப்புக்கு அனுப்பி வைக்கிறோம்.