இரைப்பைச் சிகிச்சைக்குப் பின்

உடற்பருமன் குறையுமாறு இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திர சிகிச்சையைச் செய்துகொண்டோர்க்கு, மருத்துவசாலையை விட்டு வெளிவந்தவுடன் துன்பமெல்லாம் தீர்ந்ததெனப் பலர் எண்ணுவர். அச்சிகிச்சைக்குப்பின் என் தமக்கையாருடன் ஓராண்டு வாழ்ந்த யான் கண்டது வேறு.

இதில் இரைப்பையின் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு அகற்றப்படுகின்றது. ஆதலின் முதலில் திரவ உணவும், பின்னர்க் குழைந்த உணவும், சில வாரங்கள் கழித்தே திட உணவும் கொள்ளல் வேண்டும். உண்ணும்போது நீர் பருகலாகாது. ஒரு கவளம் மிகினும் வாந்தி நேரும். மூன்றாந் திங்களில் தமக்கையாரின் கூந்தல் உதிரலாயிற்று. அது பெரும்பாலும் மீண்டும் வளருமென வைத்தியர் தேற்றினார், அங்ஙனமே வளர்ந்தது. எடை குறையக் குறையத் தோல் தளர்ந்து தொங்கிற்று. இரும்பு, சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் பி12 ஆகியவற்றை ஆயுள் முழுதும் உட்கொள்ளல் வேண்டும். இரத்தப் பரிசோதனையும் உரிய காலங்களிற் செய்தல் வேண்டும்.

இவற்றினும் கடியது விருந்து. ஓர் இட்டிலியோடு இலையை மூடினால், "எங்கள் கையால் உண்ண மனமில்லையோ?" என உறவினர் வினவுவர். அவர் மனம் நோகுமேயென்னும் அச்சமே தமக்கையாரைப் பெரிதும் வருத்தியது. முதலாண்டில் எடை விரைந்து குறையினும், பின்னர்ச் சிறிது ஏறுதலும் உண்டு. சிகிச்சை இரைப்பையைச் சுருக்குமேயன்றிப் பழக்கத்தைச் சுருக்காது. அது நோயாளியும் சுற்றத்தாரும் கூடிச் செய்யவேண்டிய தொண்டு.

ஆகவே, நண்பர்காள்! அத்தகையோர் உங்கள் இல்லம் வரின், உபசாரத்தை இலையிற் காட்டாது இன்சொல்லிற் காட்டுவீராக.