சும்மா நடக்கப் போன விவசாயப் பாட்டி!

மூன்று மாதம் மகள் வீட்டில் இருந்துவிட்டு வரலாம் என்று மே மாதம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துக்குப் போயிருந்தேன். காடு கழனியில் அலைந்த கால், நாலு சுவருக்குள் நிற்குமா? பத்தே நாளில் சலித்துவிட்டது. ‘மஞ்சள் நடவுக்கு ஏர் ஓட்டியாச்சா, சினை மாடு கன்று போட்டதா’ என்று தினமும் தம்பிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். இதைப் பார்த்த மகள், “வாங்கப்பா, மலைக்குப் போயிட்டு வரலாம்” என்று ஷெனாண்டோவா தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள்.

காட்டுக்குள் நுழைந்ததும் என் கண்ணில் பட்டது ஒரு ஆப்பிள் மரம். சற்றுத் தள்ளி, கல் அடுக்கிக் கட்டிய வேலி ஒன்று சரிந்து கிடந்தது. ‘காட்டுக்குள் யார் வேலி போட்டது?’ என்று கேட்டேன். அது ஒரு காலத்தில் விவசாய நிலமாம். 1930-களில் பூங்காவுக்காக அரசு நிலத்தை எடுத்தபோது, சுமார் 500 குடும்பங்கள் மலையை விட்டு இறங்க வேண்டியிருந்தது. 1935-ல் பூங்கா வந்தது. வேலியும், அடுப்புப் புகைபோக்கியும், சில இடங்களில் குடும்பக் கல்லறைகளும் மட்டும் அப்படியே நிற்கின்றன. நிலம் கொடுத்துவிட்டு நிற்பவன் முகம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? கொஞ்ச நேரம் அந்தக் கல்வேலி மேல் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் எதிரே ஒரு மரத்தில் வெள்ளைப் பெயின்ட் கோடு தெரிந்தது. இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரம். “அப்பா, இந்தக் கோட்டைப் பிடிச்சுத் தெற்கே போனா ஜார்ஜியா. வடக்கே போனா கனடா பக்கத்துல இருக்கிற மெய்ன். 14 மாநிலம், மொத்தம் 3,500 கிலோமீட்டர்” என்றாள் மகள்.

அப்பலாச்சியன் நடைபாதை என்பது அதன் பெயர். பென்டன் மெக்காய் என்பவர் 1921-ல் யோசனை சொல்ல, 1937-ல் பாதை முழுமையானது. இன்றும் அதைச் செப்பனிட்டு வருபவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். முழுப் பாதையையும் ஒரே மூச்சில் நடப்பவர்கள் வசந்த காலத்தில் ஜார்ஜியாவில் கிளம்புகிறார்கள். ஐந்து முதல் ஏழு மாதம் ஆகிறது. தொடங்குகிறவர்களில் நான்கில் ஒருவர்தான் முடிக்கிறார்.

ஊரில் நண்பர்களிடம் போனில் இதைச் சொன்னதும், வந்த முதல் கேள்வி, “எதுக்குப்பா நடக்கறாங்க, ஏதாச்சும் வேண்டுதலா?” என்பதுதான். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நானும் நடந்திருக்கிறேன். வழியெல்லாம் அன்னதானம், மோர்ப்பந்தல், கூட வருகிற ஆயிரம் கால்கள். இங்கே அது எதுவும் கிடையாது. மூன்று நாளைக்கோ ஐந்து நாளைக்கோ ஒருமுறை ஏதாவது ஊரில் இறங்கிச் சாப்பாட்டுப் பொருள் வாங்கி மறுபடி ஏற வேண்டும். ஊற்றுத் தண்ணீரை வடிகட்டிக் குடிக்க வேண்டும். கரடி வரும் என்பதால் ராத்திரியில் சோற்று மூட்டையை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட வேண்டும். கரடியைவிடத் தொல்லை உண்ணி! அது கடித்தால் லைம் நோய் என்ற காய்ச்சல் வந்து மூட்டு வரை பாதிக்கலாம். மாட்டுக்கு உண்ணி பார்ப்பதுபோல, சாயங்காலம் ஆனால் தங்கள் உடம்பைத் தாங்களே தடவிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

மெய்ன் மாநிலத்தில், பாதை முடிகிற இடத்துக்கு முன்னால் 160 கிலோமீட்டருக்குக் கடையும் கிடையாது, ஊரும் கிடையாது. பத்து நாள் சாப்பாடு இல்லாமல் உள்ளே போகாதீர்கள் என்று முகப்பிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். அந்த வனத்தில்தான் எம்மா கேட்வுட் பாட்டி முதல் முறை தோற்றார்.

எம்மா, ஒஹாயோ மாநிலத்தில் 1887-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கூடப் பிறந்தவர்களோடு சேர்த்துப் பதினைந்து பிள்ளைகள். 19 வயதில் கல்யாணம். புகையிலைக் காட்டு வேலை, வீட்டு வேலை, பதினொரு குழந்தைகள். புருஷன் அடிக்கிற அடியில் உயிர் தப்பியதே பெரிது என்கிற வாழ்க்கை. அடி தாங்க முடியாதபோது அவர் ஓடி ஒளிந்தது பக்கத்துக் காட்டுக்குள்தான். 1941-ல் விவாகரத்து வாங்கினார். பிள்ளைகளை ஆளாக்கி முடித்த பிறகு, 1949-ல் வந்த ஒரு பத்திரிகையில் இந்தப் பாதையைப் பற்றிப் படித்தார். அதுவரை எந்தப் பெண்ணும் தனியாக ஒரே மூச்சில் இதை நடந்ததில்லை என்று தெரிந்ததும் மனதில் விழுந்துவிட்டது.

1954-ல், 66 வயதில், வடக்கு முனையிலிருந்து கிளம்பினார். சில நாட்களிலேயே வழி தவறியது. மூக்குக்கண்ணாடி உடைந்தது. சாப்பாடு தீர்ந்தது. வனக்காவலர்கள் கண்டுபிடித்து, வீட்டுக்குப் போகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். போனார். தோற்றதை யாரிடமும் சொல்லவில்லை.

மறு வருஷம் மே 3-ம் தேதி, இந்த முறை தெற்கிலிருந்து, ஜார்ஜியாவின் ஓகல்தார்ப் மலையில் தொடங்கினார். பிள்ளைகளிடம் நடக்கப் போகிறேன் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். முதுகுப்பை இல்லை, கூடாரம் இல்லை. தானே தைத்த துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டார். அதில் ராணுவப் போர்வை, மழைக்கோட்டு, மழையைத் தடுக்கக் குளியலறைப் பிளாஸ்டிக் திரை. நிலக்கடலை, உலர் திராட்சை, பால் பவுடர். காலில் சாதாரண கேன்வாஸ் ஷூ. கிராமத்தில் வளர்ந்தவர் ஆயிற்றே, எந்தக் கீரையைப் பறிக்கலாம், எந்தக் காயைத் தின்னலாம் என்று தெரியும். குளிரில் கல்லைச் சுட வைத்து அதன் மேல் படுத்துக்கொண்டார். ஆகஸ்ட்டில் அடுத்தடுத்து இரண்டு புயல் தாக்கியது. வெள்ளம் ஓடிய ஓடை ஒன்றை, இரண்டு இளைஞர்களுக்கு நடுவில் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கடந்தார்.

பத்திரிகையில் எழுதியதை நம்பி வந்தது தப்பு, பாதை இவ்வளவு மோசமாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் கிளம்பியிருக்கவே மாட்டேன் என்ற அர்த்தத்தில் பிறகு சொல்லியிருக்கிறார். எனக்கு இந்தப் பேச்சு பிடித்திருந்தது. ஜெயித்தவர்கள் பொதுவாகக் கஷ்டத்தை இனிப்பாக்கிச் சொல்வார்கள். பாட்டி அந்த வேலையைச் செய்யவில்லை.

செப்டம்பர் 25, 1955. சுமார் 3,300 கிலோமீட்டரை 146 நாளில் முடித்து, கட்டாடின் மலை உச்சியில் நின்றார். வயது 67. அதற்குப் பிறகு 1957-ல் மறுபடியும் முழுதாக நடந்தார். 1964 வாக்கில் பகுதி பகுதியாக மூன்றாவது முறையும் முடித்துவிட்டார்.

இந்தக் கதையை எனக்குச் சொன்னது மகள் இல்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த கல்வேலிக்கு ஒரு அம்மா வந்து சேர்ந்தார். அறுபதை நெருங்கும் வயது. முதுகில் பெரிய மூட்டை, இடது முட்டியில் கட்டு. விஸ்கான்சினில் முப்பது வருஷம் கறவை மாடு வைத்திருந்தவராம். விலை கட்டாமல் பண்ணையை விற்றுவிட்டு, முதல் முறையாக நடக்க வந்திருக்கிறார். மகள் மொழிபெயர்க்க மொழிபெயர்க்கப் பேசிக்கொண்டிருந்தோம்.

“மாட்டை வித்தாச்சு. ஆனா காலையில நாலு மணிக்கு முழிப்பு வந்துடுது. அந்த நேரத்துல என்ன செய்யறதுன்னுதான் தெரியலை” என்றார். தீவனத்துக்கும் பால் விலைக்கும் நடுவில் அவர் பட்டபாட்டைச் சொன்னபோது, மகள் சொல்லி முடிக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

ஜார்ஜியாவிலிருந்து 1,400 கிலோமீட்டருக்கு மேல் வந்துவிட்டார். இன்னும் பாதிகூட ஆகவில்லை. முட்டி வீங்கியிருந்தது. தொடர்ந்து போவதா, அடுத்து வரும் தார் ரோட்டில் காரை நிறுத்தி ஏறிவிடுவதா என்று முடிவு செய்யவில்லை என்றார். கேட்வுட் பாட்டியே முதல் தடவை திரும்பிப் போனவர்தானே என்று அவராகவே சொல்லிக்கொண்டார்.

பையில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இருந்தது. கொடுத்தேன். இரண்டைத் தின்றுவிட்டு மீதியைப் பத்திரமாக மூட்டையில் வைத்துக்கொண்டார். “உங்களுக்கு எத்தனை மாடு?” என்று கேட்டார். இரண்டு விரலைக் காட்டினேன். சிரித்தார்.

முட்டிக் கட்டை இறுக்கிக்கொண்டு, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, வெள்ளைக் கோட்டைப் பார்த்து வடக்கே ஏறினார். இடது காலைச் சற்று இழுத்துத்தான் வைத்தார்.

“அடுத்த ரோடு எங்கம்மா வரும்?” என்று மகளிடம் கேட்டேன்.

போனில் வரைபடத்தைப் பார்த்தாள். “நாலு கிலோமீட்டர்லப்பா.”