சும்மா நின்று தின்னும் மோட்டார்

அரை மணி நேரமாக மயிரிழைகூட நகரவில்லை. ஆனாலும் ஸ்டெப்பர் மோட்டார் மேல் விரலை வைத்து எடுக்கத்தான் முடிகிறது. சுருளுக்கு 3 ஓம். ஏ4988 டிரைவரில் 1 ஆம்பியர் வைத்திருக்கிறேன். மைக்ரோஸ்டெப்பில் எங்கே நின்றாலும் இரண்டு சுருளும் சேர்ந்து சுமார் 3 வாட். (சைன் வர்க்கமும் கோசைன் வர்க்கமும் சேர்ந்தால் 1. பத்தாம் வகுப்புக் கணக்கு இப்போதுதான் முதல்முறையாகக் கைகொடுக்கிறது.) செய்யும் வேலை பூஜ்யம். அத்தனையும் சூடு.

*

12 வோல்ட் சப்ளையில் மீட்டர் வைத்தால் 0.3 ஆம்பியர் பக்கம்தான் காட்டுகிறது. டிரைவர் கெட்டுவிட்டதென்று முதலில் பயந்தேன். இல்லை. டிரைவர் மின்னோட்டத்தை வெட்டி வெட்டி விடுகிறது; சுருளில் ஓடும் 1 ஆம்பியர் சப்ளை வயரில் தெரியாது.

*

மின்னோட்டத்தைப் பாதியாக்கினால் சூடு கால்வாசி ஆகிறது, பிடிப்போ ஏறக்குறைய பாதி மிஞ்சுகிறது. இப்படியொரு பேரம் வேறெங்கும் கிடைக்காது. டிஎம்சி2209-இல் ஓடுவதற்கு ஒரு அளவு, நிற்பதற்கு வேறு அளவு எழுதிவைக்கலாம். டிஎம்542 மாதிரி பெரிய டிரைவர்களில் 4-ஆவது குட்டி சுவிட்சே இதற்குத்தான். ஏ4988-இல் இருப்பது ஒரு திருகு மட்டும். பாவம்.

*

அப்படியானால் எனேபிளை நிறுத்திவிட்டால்? மின்சாரம் இல்லாமல் காந்தம் மட்டும் பிடிக்கும் பிடி, முழுப் பிடியில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குகூட இராது. மைக்ரோஸ்டெப்பின் நடுவில் நிறுத்தினால் ரோட்டர் பக்கத்து முழு ஸ்டெப்புக்கு நழுவும். அது பரவாயில்லை: டிரைவருக்கு நிலை நினைவிருக்கிறது, திரும்பப் போட்டதும் பழைய இடத்துக்கே இழுத்துக்கொள்ளும். ஆனால் இடையில் யாராவது தண்டை 2 முழு ஸ்டெப்புக்கு மேல் தள்ளிவிட்டால் அது அடுத்த வீட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். 4 ஸ்டெப், 7.2 டிகிரி. 20 பல் ஜிடி2 புல்லியில் அது 0.8 மில்லிமீட்டர். எந்த எச்சரிக்கையும் வராது. ஆகவே: முழு ஸ்டெப்பில் நிறுத்திவிட்டு அணை, எழுப்பியதும் எண்ட்ஸ்டாப்பைத் தொட்டுவிட்டு வா.

*

செங்குத்து அச்சில் இந்தச் சிக்கனம் வேண்டாம். 3டி பிரிண்டரில், 8 மி.மீ. லீட் உள்ள ஸ்க்ரூவில், மோட்டாரை அணைக்கும் எம்84 கட்டளையைக் கொடுத்தேன். தலை மெல்ல இறங்கிக் கண்ணாடியில் குந்தியது. 2 மி.மீ. லீட் என்றால் தானே பூட்டிக்கொள்ளும், மோட்டாரைத் தூங்கவிடலாம். வேகம் போகும், வேறென்ன.

*

மீன் தொட்டிக்கு உணவு போடும் டப்பா. 28பிஒய்ஜே-48 மோட்டார், 5 வோல்ட், சுருளுக்கு 50 ஓம். நாளுக்கு இரண்டு முறை அரைச் சுற்று. பேட்டரி ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. அர்டுயினோவின் ஸ்டெப்பர் லைப்ரரி, நகர்த்தி முடித்த பிறகும் சுருள்களை விடாது. இரண்டு சுருளுக்குச் சுமார் 0.2 ஆம்பியர், ராத்திரி முழுக்க. உள்ளே 64-க்கு 1 கியர் இருக்கிறது, டப்பாவை அதுவே பிடித்துக்கொள்ளும். நகர்த்தியதும் நாலு பின்னையும் லோ ஆக்க நாலு வரி எழுதினேன். இனி பேட்டரியைத் தின்பது போர்டும் அதில் எரியும் பச்சை எல்இடியும்தான். எல்இடியையாவது கத்தியால் பெயர்க்க வேண்டும்.